வீட்டுக் கணக்கு: பொம்மைப் படைக்கு ஒரு வரவு செலவு

செம்பூரிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார். பத்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகன், பள்ளித் தோழர்கள் நால்வர் ஞாயிறுதோறும் கூடி ஆடும் ஒரு போர் விளையாட்டில் தானும் சேர விரும்பினானாம். அதற்கு ஒரு படை வேண்டும். படை என்றால் சுண்டுவிரல் உயரங்கூட இல்லாத பொம்மைகள்தாம். ஆயினும் அவன் கேட்ட பெட்டிகளின் விலையைக் கூட்டிப் பார்த்தபோது வீட்டு வாடகையில் பாதியைத் தொட்டுவிட்டதாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பையன் மறுவார்த்தை பேசவில்லை. ஆனால் அன்றுமுதல் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே செல்வதையே நிறுத்திவிட்டான் என்று எழுதுகிறார். அந்தக் கடைசி வரிதான் இந்தப் பகுதியை எழுத நம்மைத் தூண்டியது.

இதை அறியாத நேயர்களுக்காக இரண்டு வார்த்தை. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் 'வார்ஹேமர்' 1983இல் வெளிவந்தது. மனிதரும் குள்ளரும் எலும்புக்கூடுகளும் 'ஓர்க்' என்னும் முரட்டு இனத்தாரும் மேசைமீது அணிவகுத்து மோதுவர். அளவு நாடாவால் அளந்து படையை நகர்த்துவதும், பகடை உருட்டி வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதும் ஆட்டத்தின் முறை. ஒரு படைக்கு ஐம்பது, நூறு பொம்மைகள்கூட வேண்டியிருக்கும். பொம்மை விற்பனையைப் பெருக்கும் நோக்கமும் அந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே இருந்தது என்பதை நினைவில் வைத்தால், விலை ஏன் அப்படி இருக்கிறது என்று வியக்க வேண்டியதில்லை. நம் நாட்டுக்கு வந்து சேரும்போது கப்பற் கூலியும் சுங்கமும் வேறு சேர்ந்துகொள்கின்றன.

அந்த நிறுவனத்தின் பொம்மைதான் வேண்டும் என்று அவர்களுடைய சொந்தக் கடைகளிலும் அவர்கள் நடத்தும் போட்டிகளிலும் வற்புறுத்துவார்கள். தோழர் வீட்டு மேசையில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இதைப் பிள்ளைகளில் பலர் அறியார். அறிந்தவர்களும் மாற்றுப் பொம்மையைக் கொண்டுபோனால் ஏளனத்துக்கு ஆளாவோமோ என்று கூசுகிறார்கள்.

கூச வேண்டியதே இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் கேரி கைகாக்ஸ் என்பவர் கற்பனைப் போர்களை ஆடத் தொடங்கிய நாளில், அவற்றுக்கென்று பொம்மைகளே அநேகமாகக் கிடையா. அவர் மலிவு விலைக் கடைகளில் தேடி அலைந்தார். பிளாஸ்டிக் ஸ்டெகோசாரஸ் ஒன்றை ஒட்டி வெட்டிப் பறவைநாகமாக்கினார். மற்றப் பொம்மைகளைவிட மிக உயரமான ஒரு வைக்கிங் வீரனுக்குப் பொம்மை முடியை ஒட்டி, தீக்குச்சியால் கதை செய்து கொடுத்து அரக்கனாக்கினார். 1971இல் வெளிவந்த 'செயின்மெயில்' விதிநூலையும், பின்னர் உலகெங்கும் பரவிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தையும் ஆக்கியவர்களுள் ஒருவர் அவர். அந்த ஆட்டத்தில் வரும் சில விந்தை விலங்குகளின் உருவம்கூட மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்து அமைந்ததுதான். இந்தக் கலையின் மூதாதையரே மாற்றுப் பொம்மைக்காரர் எனும்போது செம்பூர்ப் பையன் ஏன் தலைகுனிய வேண்டும்?

இனி, வாங்குவது எப்படி? முதலில் ஒன்றுமே வாங்காதீர்கள் என்பது நம் யோசனை. நம் வீடுகளில் பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கெட்டி அட்டையைச் சதுரங்களாக வெட்டி, 'ஈட்டி வீரன்', 'வில்லாளி' என்று எழுதி ஒரு மாதம் ஆடட்டும். எந்தப் படை தனக்கு உகந்தது என்று அதற்குள் தெரிந்துவிடும். ஆசைப்பட்டு வாங்கிய படை ஆறு வாரத்தில் அலுத்துப் பரணுக்குப் போவதுதான் இந்த ஆட்டத்தில் பெரிய நஷ்டம்.

சதுரத்தின் அளவு முக்கியம். பொம்மை யாருடையதாயினும் அதன் அடிப்பீடம் விதிப்படி இருந்துவிட்டால் ஆட்டம் கெடாது. 2024இல் வெளிவந்த 'வார்ஹேமர்: தி ஓல்ட் வேர்ல்ட்' விதிகளின்படி மனிதக் காலாளுக்கு 25 மில்லிமீட்டர்ச் சதுரம்; ஓர்க் காலாளுக்கு 30. மரத்தகட்டில் இவற்றை வெட்டித் தருபவர்கள் உண்டு. அட்டையில் நாமே வெட்டினாலும் குற்றமில்லை.

அடுத்தது உயரம். இங்கே நாம் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். பொம்மைகளை '28 மில்லிமீட்டர்' என்றும், '72இல் ஒரு பங்கு' என்றும் இருவகையாகக் குறிப்பிடுவார்கள். பின்னது மலிவு, ஒரே பெட்டியில் நாற்பதுக்கு மேலும் வீரர்கள் இருப்பார்கள். வித்தியாசம் சொற்பந்தானே என்று எண்ணி, கடைக்காரர் சொன்னதையும் நம்பி, மகனுக்காக அப்படி ஒரு பெட்டி வாங்கினோம். அவனிடமிருந்த வீரர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் புதியவர்கள் தோளுயரமே இருந்தார்கள். கொலுப்படியில் கையகலக் கிருஷ்ணனுக்குப் பக்கத்தில் முழங்கை உயரப் போலீஸ்காரர் நின்றால் யாரும் கேட்பதில்லை. அணிவகுப்பில் அது கண்ணை உறுத்துகிறது. மகன் அன்று நம் முகத்தைப் பார்த்து, "பரவாயில்லை அப்பா" என்றான். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வருந்தியிருக்க மாட்டோம்.

பிறகு அவனுடைய தங்கைதான் வழி கண்டாள். எதிர்த் தரப்புக்கும் அதே சிறிய அளவில் ஒரு பெட்டி வாங்கினால் குட்டையார், நெட்டையார் என்ற பேச்சே எழாதன்றோ? சீசர் மினியேச்சர்ஸ், டார்க் அலையன்ஸ் ஆகிய நிறுவனங்கள் இந்தச் சிறிய அளவில் ஓர்க்குகளையும் எல்ஃப் என்னும் வனவாசிகளையும் செய்திருக்கின்றன. இரண்டு பெட்டிகளில் இரண்டு படை அமைந்துவிட்டது.

தோழர்களிடம் 28 மில்லிமீட்டர்ப் படைகளே இருக்குமானால் அந்த அளவிலேயே தேடுவது நலம். இங்கே சரித்திரப் பொம்மைகள் பெரிதும் கைகொடுக்கும். வார்ஹேமரின் 'எம்பயர்' படை, மறுமலர்ச்சிக் காலத்து ஜெர்மானிய நாடுகளைப் பார்த்து அமைந்தது. ஆகவே அக்காலத்து 'லான்ட்ஸ்னெக்ட்' கூலிப்படை வீரர்கள் அதற்கு அப்படியே பொருந்துவர். முன்பு கேம்ஸ் வொர்க்‌ஷாப்புக்கே உருவம் வடித்த பெர்ரி என்னும் இரட்டைச் சகோதரர்கள், இப்போது தாமே நடத்தும் நிறுவனத்தில் ரோஜாப் போர்க் காலத்துக் காலாட்களை 40 பேர் கொண்ட பெட்டியாகத் தருகிறார்கள். குள்ளரோ காப்ளினோ வேண்டுமென்றால் நார்த் ஸ்டார் நிறுவனத்தின் 'ஓத்மார்க்' காலாட் பெட்டியில் 30 பேர். சரித்திரப் பொம்மைகள் மெலிந்திருக்கும். வார்ஹேமர் வீரருக்குத் தலையும் கையும் பெருத்திருக்கும். இருவரையும் ஒரே வரிசையில் கலக்காமல் தனித்தனி அணியாக நிறுத்தினால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. ஈட்டி வீரர் என்று சொன்ன அணியின் கையில் ஈட்டி இருக்கட்டும்; எதிராளி பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ள வேண்டுமல்லவா?

விதிநூலை மாற்றினாலும் செலவு குறையும். மேன்டிக் நிறுவனத்தின் 'கிங்ஸ் ஆஃப் வார்' ஆட்டத்தில் அணி முழுதும் ஒன்றாகவே நகரும். வீரர்களை ஒவ்வொருவராக அகற்றுவதில்லை. ஆகவே முழு எண்ணிக்கைக்குச் சற்றுக் குறைவாக நிறுத்தி, இடைவெளியில் ஒரு பாறையையோ புதரையோ வைத்துவிடலாம். டேனியல் மெர்சியின் 'டிராகன் ரேம்பண்ட்' (2015) கையிலுள்ள எந்தப் பொம்மையையும் ஏற்கும்.

ஒட்டும்போது கவனம் தேவை. கெட்டிப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் பசை, மென்மையான பிளாஸ்டிக்கிலும் ரெசினிலும் பிடிக்காது. அவற்றுக்குச் சூப்பர் குளூதான். மென்மையான பொம்மைகளைச் சோப்பு நீரில் கழுவாமல் வர்ணம் தீட்டினால் உரிந்துவிடும்.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தை வாங்கிவிடலாமே என்று சில தந்தையர் கேட்கிறார்கள். உறையாத ரெசின் தோலுக்குக் கெடுதல். அதன் ஆவியும் நல்லதன்று. ஓர் அறையும் சமையலறையுமாக நாம் குடியிருக்கும் வீடுகளில் அது வேண்டாம். உருவத்தை வடித்தவரிடம் உரிமம் பெற்று அச்சிட்டு விற்பவரிடம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு நிறுவனத்தின் பொம்மையையே திருட்டுத்தனமாக அச்செடுத்து வார்த்துப் பாதி விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். நாம் சொல்லும் மாற்றுப் பொம்மை அதுவன்று. அந்தக் கடைப்பக்கம் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள்.

சகோதரிக்கு ஒரு வார்த்தை. வரும் ஞாயிறு தம்பியைப் பத்திரிகை அட்டைப் படையோடு அனுப்பிவையுங்கள். வாங்குவதற்கு முன்பே, இன்ன பொம்மையை இன்ன வீரனாகக் கொள்ளலாமா என்று தோழர்களிடம் அவனே கேட்டுக்கொள்ளட்டும். அல்லது அந்த நால்வரையும் உங்கள் வீட்டுக்கு அழைப்பதானால், நம் வீட்டிலுள்ள சிறிய படை இரண்டையும் இரவல் தருகிறோம். இரு தரப்பும் அதிலேயே அடங்கியிருக்கின்றன. சில ஈட்டிகள் மட்டும் வளைந்திருக்கும். வெந்நீரில் முக்கி, நேராக்கி, உடனே தண்ணீரில் போட்டால் நிமிர்ந்துவிடும்.