அஞ்சு வாட் பெட்டியும் லட்ச ரூபாய்ப் பொய்யும்

"கேம் டெவலப்மென்ட் படிக்கணும்னா முதல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப் ஒண்ணு வாங்கிடுங்க. எண்பதாயிரம், ஒரு லட்சம் ஆகும். அது இல்லாம வகுப்புல சேர்ந்து பிரயோஜனம் இல்ல." சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் என் அண்ணன் மகளிடம் இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நிலையத்தின் பெயர் வேண்டாம். இதே வசனத்தைப் பல இடங்களில் பேசுகிறார்கள், யூடியூபிலும் பேசுகிறார்கள். இது பொய். அறியாமையில் சொல்கிற பொய்யா, கமிஷனுக்காகச் சொல்கிற பொய்யா என்பதை நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

நான் நெல்லும் கொஞ்சம் காய்கறியும் போடுகிறவன். எனக்கு எதுக்கு இந்த வம்பு என்று கேட்கலாம். எங்க மண்ணூரைச் சுற்றி எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் கம்பெனி கேட் முன்னாடிதான் இறங்கணும். இருங்காட்டுக்கோட்டையில் கார், ஸ்ரீபெரும்புதூரில் போன், ஒரகடத்தில் கார், லாரி, சுங்குவார்சத்திரத்தில் மறுபடியும் போன். உங்க கையில் இருக்கிற போனைத் திருகி மூடினது எங்க பக்கத்துல ஷிப்டு பார்க்கிற ஒரு பொண்ணா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தப் பொண்ணோட தம்பி அதே போன்ல விளையாடுறான். செய்யறதும் நாங்க, விளையாடறதும் நாங்க. நடுவுல இருக்கிற விளையாட்டை உருவாக்குற வேலைக்கு மட்டும் எங்க பிள்ளைங்களுக்கு லட்ச ரூபாய் நுழைவுக் கட்டணமாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்க வீட்டுத் திண்ணை அறையில் இப்போது ராஸ்பெரி பை 4 என்ற பலகை இருக்கிறது. உள்ளங்கை அகலம், நாலு ஜிபி நினைவகம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில், கணினி படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நிரல் எழுதிப் பழக்கமே இல்லாமல் போகிறதே என்று கவலைப்பட்ட எபன் அப்டன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் ஆரம்பித்த முயற்சி. முதல் பலகை 2012 பிப்ரவரி 29இல் வெளிவந்தது. பை 4 வந்தது 2019இல். அதில் ஓடுவது கோடோ என்ற கேம் எஞ்சின். (பெக்கெட் நாடகத்தில் கடைசி வரைக்கும் வராமலே இருப்பாரே, அவர் பெயர்தான். எங்க தெருவில் "கோடு போடற சாப்ட்வேரா?" என்று கேட்டார்கள். அதுவும் தப்பில்லை.)

கேம் எஞ்சின் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. படத்தைத் திரையில் வைப்பது, நகர்த்துவது, ரெண்டு பொருள் மோதினால் கண்டுபிடிப்பது, சத்தம் போடுவது, விரல் எங்கே தொட்டது என்று சொல்வது, இந்த அடிப்படை வேலைகளை அது பார்த்துக்கொள்ளும். விளையாட்டின் விதியை மட்டும் நாம் எழுதணும். கோடோவின் எடிட்டர் ஒரே ஒரு கோப்பு. இறக்குவதற்கு நூறு எம்பி கூட ஆகாது. நிறுவல், லைசென்ஸ் எண், மின்னஞ்சல் பதிவு எதுவும் கிடையாது. 4.2 பதிப்பில் இருந்து, அதாவது 2023 நவம்பரில் இருந்து, இந்த மாதிரி ஏஆர்எம் பலகைகளில் ஓடும் லினக்ஸ் பதிப்பை அவர்களே தருகிறார்கள். புதுத் திட்டம் திறக்கும்போது மூன்று வழி கேட்கும். அதில் 'கம்பாட்டிபிலிட்டி' என்பதைத் தேர்ந்தெடுக்கணும். மற்ற ரெண்டும் வல்கன் என்ற கனமான வழி, பைக்கு மூச்சு வாங்கும். சில சமயம் 'ஓபன்ஜிஎல் இஎஸ்ஸில் திற' என்று கட்டளை வரியில் சொல்லித் திறக்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான் ரகசியம்.

என் அண்ணன் மகள் இதில் செய்தது ஆடு புலி ஆட்டம். மூணு புலி, பதினஞ்சு ஆடு, இருபத்து மூணு புள்ளி. புலி எந்தப் புள்ளியில் இருந்து எந்தப் புள்ளிக்குத் தாவலாம், நடுவில் ஆடு இருக்கா, அந்தப் பக்கம் காலியா, எல்லாம் வெறும் பட்டியலும் நிபந்தனையும். இதற்கு எந்த கிராபிக்ஸ் கார்டு வேணும்? எங்க தாத்தா இதையே கோயில் கல்லில் கோடு கிழித்து ஆடினார். மின்சாரமே வேண்டியிருக்கவில்லை.

"பிரபல கேம் எல்லாம் இதுல வராதே" என்பார்கள். வராது. வயல், மரம், மழை, நிழல் எல்லாம் நிஜம் மாதிரி தெரிகிற பெரிய முப்பரிமாண விளையாட்டை இந்தப் பலகையில் செய்ய முடியாது, நானும் முடியும் என்று சொல்லவில்லை. அன்ரியல் எஞ்சின்காரர்கள் தங்கள் எடிட்டருக்கு 32 ஜிபி நினைவகம் பரிந்துரைக்கிறார்கள். யூனிட்டியின் எடிட்டர் இந்த வகை லினக்ஸ் பலகைக்கு வருவதே இல்லை. ஆனால் பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு முதல் வருஷம் வேண்டியது என்ன? ஒரு பொருள் நகரணும், விதி வேலை செய்யணும், பக்கத்து வீட்டுப் பையன் விளையாடி "இது மொக்க"ன்னு சொல்லணும், அதைத் திருத்தணும். டிராக்டர் ஓட்டக் கத்துக்க நெல் அறுவடை மிஷின் வாங்கச் சொல்கிற மாதிரி இருக்கு இவங்க கதை. அதோடு, இந்த கோடோவில் செய்த ப்ரோடேட்டோ, டோம் கீப்பர் போன்ற சின்ன விளையாட்டுகளை உலகம் முழுக்கக் காசு கொடுத்து வாங்கி ஆடுகிறார்கள். பெரிய படம் காட்டுவது மட்டும்தான் தொழில் என்பது கடைக்காரர்கள் கட்டிய கதை.

இன்னொன்று. இது ஒரு விவசாயியாக எனக்கு உடனே பிடிபட்டது. கோடோவை எழுத ஆரம்பித்தவர்கள் அர்ஜென்டினாக்காரர்கள், ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர். 2014இல் எம்ஐடி உரிமத்தில் திறந்து விட்டுவிட்டார்கள். எடுக்கலாம், மாத்தலாம், விக்கலாம், யாருக்கும் பங்கு தர வேண்டாம். யூனிட்டி நிறுவனம் 2023 செப்டம்பரில் என்ன பண்ணியது தெரியுமா? குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிய விளையாட்டுகளுக்கு, ஒவ்வொரு முறை ஒருவர் நிறுவும்போதும் கட்டணம் என்று அறிவித்தது. ஏற்கெனவே செய்து வெளியிட்ட விளையாட்டுக்கும் சேர்த்து. உலகம் முழுக்கச் சண்டை வந்து, ஒரு வருஷம் கழித்து 2024 செப்டம்பரில் முழுசாக வாபஸ் வாங்கினார்கள். இதைப் படித்ததும் எனக்கு குஜராத் உருளைக்கிழங்கு ஞாபகம் வந்தது. 2019இல் பெப்சிகோ தன் ரகத்தைப் பயிரிட்டதாக அங்குள்ள விவசாயிகள் மேல் வழக்குப் போட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றதே, அது. நமக்காவது 2001 சட்டத்தின் 39ஆம் பிரிவு இருக்கிறது. விளைந்ததில் விதை எடுத்து வைக்க, விதைக்க, பக்கத்துக் காட்டுக்காரனுக்குக் கொடுக்க விவசாயிக்கு உரிமை உண்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மென்பொருளில் அந்த உரிமையைத் திறந்த உரிமம்தான் தருகிறது. அடுத்தவன் விதையில் மட்டும் பயிர் வைக்கப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதீங்க.

இப்போ, எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். தமிழ்.

நன்கொடை கொடுக்கிற நல்ல மனிதர்கள் சிலர் "பழைய பை 3 பலகை நிறைய கிடக்கு, அது போதாதா?" என்கிறார்கள். போதாது. ஏன் என்று கேளுங்க. பை 3இல் இருக்கிற வரைகலைச் சில்லுக்கு ஓபன்ஜிஎல் இஎஸ் 2 வரைக்கும்தான் தெரியும். கோடோ 4க்குக் குறைந்தது 3 வேணும். அப்போ பை 3இல் பழைய கோடோ 3தான் ஓடும். ஆங்கிலத்தில் விளையாட்டு செய்கிறவனுக்கு அது பிரச்சினையே இல்லை, நன்றாகவே ஓடும். தமிழில்? கோடோ 3க்கு எழுத்தைக் கோர்க்கவே தெரியாது. 'கெ' என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு முன்னால் போகாமல் க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். 'கொ', 'கோ', 'கை' எல்லாம் இதே கோலம். 'வெற்றி' என்று திரையில் போடணும், முதல் எழுத்திலேயே தோல்வி. எழுத்தைப் படமாக வரைந்து ஒட்டலாம், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு படம் வரைந்துகொண்டிருந்தால் விளையாட்டை எப்போ செய்வது? 2023 மார்ச்சில் வந்த கோடோ 4இல்தான், ஹார்ஃப்பஸ் என்கிற எழுத்துக்கோர்ப்பு நிரலைச் சேர்த்து இதைச் சரி பண்ணினார்கள். இப்போது நோட்டோ தமிழ் எழுத்துருவைக் கோப்பில் போட்டுவிட்டால் அச்சு மாதிரி வருகிறது.

ஆக, மலிவான பழைய பலகையில் ஆங்கிலம் மட்டும் ஒழுங்காக வரும். தமிழ் வேணும் என்றால் அடுத்த படிக்கட்டு ஏறணும், சில ஆயிரம் கூடக் கொடுக்கணும். உலகத்தில் யாரும் திட்டம் போட்டு இப்படிச் செய்யவில்லை. கேட்க ஆள் இல்லாததால் கடைசியில் வந்து சேர்ந்தோம், அவ்வளவுதான். கணித்தமிழ் பற்றி மாநாடு போடுகிற நகரத்துப் பெரியவர்கள், கிராமத்துக்கு அனுப்பும் கருவியில் 'கொம்பு' முன்னால் வருதா பின்னால் வருதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பினால் நல்லா இருக்கும்.

கரண்ட் கதைக்கு வருகிறேன். ஒரு கேமிங் லேப்டாப்பின் சார்ஜர் 180 வாட், 230 வாட் என்று இருக்கும். இந்தப் பலகை வேலை செய்யும்போது அஞ்சாறு வாட். என் கிணற்று 5 எச்பி மோட்டார் ஒரு மணி நேரத்தில் இழுப்பதில் இது 600 மணி நேரம் ஓடும். கரண்ட் போனால் மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயரின் 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி, 5 வோல்ட்டாகக் குறைக்கும் சின்ன கன்வர்ட்டர் வழியாகக் கொடுக்கிறோம். 8 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி வரைக்கும் இறக்கினால் பலகை மட்டும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்கும். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் மானிட்டரையும் சேர்த்தால் ஒன்றரை மணி. அதற்குள் சேமித்து மூடிவிடலாம். திடீரென்று கரண்ட் போனால் மெமரி கார்டில் உள்ள கோப்புகள் கெடும், ஆகவே இந்த ஏற்பாடு அவசியம். போன் சார்ஜரில் போட்டால் திரையில் மஞ்சள் மின்னல் குறி வரும். வோல்ட் பத்தலை என்று அர்த்தம். சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரைக்குக் கீழே சூடாகி 80 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அலுமினிய ஹீட்சிங்க் ஒன்று ஒட்டணும். மோட்டார் கட்டத் தெரிந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

2006க்கும் 2011க்கும் நடுவில் அரசு கொடுத்த கலர் டிவி பல வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிறது. பை 4இன் ஆடியோ துளையிலேயே பழைய டிவிக்கான வீடியோவும் வருகிறது, அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்றினால் போதும். எழுத்து கொஞ்சம் மங்கும், நிரல் எழுதக் கண் வலிக்கும். செய்து முடித்த விளையாட்டை அதில் ஆட அருமையாக இருக்கும்.

"அதுக்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கிடலாமே" என்று கேட்பீங்க. கிடைத்தால் தாராளமாக வாங்குங்க. கோடோ அதிலும் ஓடும், எனக்குப் பலகை மேல் காதல் ஒன்றும் இல்லை. ஆனால் லேப்டாப்பில் இல்லாத ஒரு வசதி இதில் இருக்கிறது. பலகை ஒன்று, பிள்ளைகள் அஞ்சு பேர் என்றால் ஆளுக்கொரு மைக்ரோ எஸ்டி கார்டு. அவரவர் முறை வரும்போது தன் கார்டைச் செருகினால் தன் கம்ப்யூட்டர். ஒருத்தன் சோதித்துக் கெடுத்தாலும் அடுத்தவன் வேலை பாழாகாது. சிலேட்டு மாதிரி. பஞ்சாயத்து நூலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கம்ப்யூட்டர் எது? பக்கத்து கேரளத்தில் அரசே 2015இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ராஸ்பெரி பை கொடுக்க ஆரம்பித்தது. நாம் 2011இல் இருந்து லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தோம், அது பெரிய காரியம்தான், எங்க தெருவிலேயே அதனால் படித்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அதில் உருவாக்கச் சொல்லித் தரத்தான் ஆள் போடவில்லை.

ஊரில் பெற்றோருக்கு கேம் என்றாலே ரம்மிதான் ஞாபகம் வருகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2023இல் தமிழ்நாடு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டு வருகிற அளவுக்கு அடி பட்ட மாநிலம் இது. ஆகவே "பொண்ணு கேம் செய்யறா" என்றால் முகம் மாறுகிறது. ஆடு புலி ஆட்டத்தைத் திரையில் காட்டினேன். எங்க பெரியம்மா மூணே ஆட்டத்தில் புலியைக் கட்டிவிட்டு, "இதுல புலி பின்னால தாவ மாட்டேங்குது, சரி பண்ணச் சொல்லு" என்றார். அன்னிக்கு ராத்திரியே சரி பண்ணியாச்சு.

எங்க ஊருக்குப் பக்கத்தில் நோக்கியா தொழிற்சாலை 2006இல் வந்தது. 2014 நவம்பர் 1இல் மூடியது. ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். ஒரு போனின் ஒரு பகுதியில் ஒரு வேலையை வேகமாகச் செய்யக் கற்றுக்கொண்டவர்கள், லைன் நின்றதும் அந்தக் கை வேகத்தை எங்கே கொண்டு போவது என்று தெரியாமல் வெளியே வந்தார்கள். நிலம் கொடுத்த ஊர்ப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். கம்பெனி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்தச் சம்பளத்தில்தான் இங்கே பாதி வீடு ஓடுகிறது. திருகுகிற பெட்டிக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அந்தப் பிள்ளைகளுக்கு மறுக்காதீங்க, அதுவும் பொய் விலை சொல்லி.

உங்க ஆபீசில் மாற்றிப் போட்ட மானிட்டரும் கீபோர்டும் மேசைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும். எடைக்குப் போடாமல் உங்க சொந்த ஊர் நூலகத்துக்குக் கொடுங்க. கொடுக்கும்போது கம்பியையும் கேட்டு வாங்கிக் கொடுங்க. பை 4இல் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ துளை, சாதாரணக் கம்பி அதில் நுழையாது. அந்த ஒரு கம்பிக்காக எங்க ஊரில் இருந்து ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் போய் வர ஒரு நாள் கூலி போகுது.