பல்வலியோடு வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்



சம்பள நாளுக்கு மறுநாள் பிரட்டுக்களத்தில் யார் நிற்கிறார், யார் நிற்கவில்லை என்று கணக்குப்பிள்ளை பார்ப்பதைப் போலவே நாமும் பார்க்கிறோம். வராதவரின் பெயரைக் கேட்டால், "ராத்திரி போட்டுட்டுக் கெடக்கிறான்" என்று யாராவது சொல்வார், எல்லோரும் சிரிப்போம். அண்மையில் ஒரு தோட்டத்தில் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தோழரின் மனைவி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "அவரு மூணு நாளா கன்னம் வீங்கிக் கெடக்கிறாருண்ணே. கஞ்சிகூட எறங்கல. வலி தாங்காமத்தான் நேத்து குடிச்சாரு."

லயத்துக்குப் போய்ப் பார்த்தோம். கவ்வாத்து மலையில் முன்வரிசையில் நிற்கும் மனிதர் அவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை, கீழ்வரிசையில் பாதிப் பல் இல்லை. மிச்சமிருப்பவையும் ஆடுகின்றன. வைத்தியசாலைக்குப் போகச் சொன்னோம். "போன வருஷம் போனேன். வாயத் தொறந்ததும் சாராய நாத்தம்னு எல்லார் முன்னாடியும் ஏசினாங்க. பல்லப் புடுங்கி அனுப்பிட்டாங்க. இனி அங்க போகமாட்டேன்" என்றார்.

குடியால் கெடும் குடும்பங்களைப் பற்றி எமது சங்கம் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறது. குடிப்பவரின் ஈரலைப் பற்றியும் சம்பளக் காசைப் பற்றியும் பேசினோம். அவருடைய வாயைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. அதை இன்று பேச வேண்டும் என்று நினைக்கிறோம்.

வாயில் நடப்பது என்ன?

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் பிசுபிசுப்பான ஒரு படலம் படிகிறது. அது முழுக்கக் கிருமி. துலக்காமல் விட்டால் கல்லைப்போல இறுகிக் காரையாகிவிடும். அந்தக் கிருமிகளோடு போராட உடம்பு அந்த இடத்துக்கு இரத்தத்தைக் கூட்டி அனுப்புகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது, தொட்டால் இரத்தம் வருகிறது. இதைத்தான் அழற்சி என்கிறார்கள். காயம்பட்ட இடத்தை உடம்பு இப்படித்தான் காக்கிறது. ஆனால் அழுக்கு நீங்காமல் இந்தச் சண்டை ஆண்டுக்கணக்கில் நீண்டால், பல்லைத் தாங்கும் எலும்பையே அது அரித்துவிடும். பெரும்பாலும் வலி இருக்காது. பல் ஆடும்போதுதான் தெரியவரும்.

தினமும் அதிகமாகக் குடிப்பவருக்கு இது விரைவாக முற்றுகிறது. குடி வாயை உலர வைக்கிறது. வாயைக் கழுவிக் காக்கும் உமிழ்நீர் குறைகிறது. அடிக்கடி வாந்தி எடுப்பதால் வயிற்றுப் புளிப்பு பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. சோறு சரியாக இறங்காததால் ஈறு ஆறுவதற்கு வேண்டிய சத்து கிடைப்பதில்லை. கிருமியைத் தின்று அழிக்கும் வெள்ளணுக்களும் பலம் இழக்கின்றன. ஈரல் கெட்டிருந்தால் இரத்தம் உறைவதும் தாமதமாகிறது. பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் நிற்காமல் பயந்து ஓடிவந்தவர்களை நாம் அறிவோம். இரவில் போட்டுவிட்டு அப்படியே தூங்குபவர் பல் துலக்குவதும் இல்லை.

சேதம் வாயோடு நிற்பதும் இல்லை. அதிகம் குடிப்பவரின் குடற்சுவர் கசியத் தொடங்குகிறது. அங்குள்ள கிருமிகளின் நஞ்சு இரத்தத்தோடு ஈரலுக்குப் போய் அங்கேயும் அழற்சியை மூட்டுகிறது. மேலே, புண்ணான ஈற்றின் வழியாகவும் கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. ஒரே உடம்பில் இரண்டு அடுப்புகள் அணையாமல் எரிகின்றன. ஈறு நோய் முற்றியவருக்குச் சீனி வியாதி கட்டுக்குள் வருவது கஷ்டம்; சீனி வியாதி உள்ளவருக்கு ஈறு நோய் மேலும் முற்றும். போதையில் மயங்கிக் கிடப்பவரின் வாய்க்கிருமிகள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நியுமோனியாவையும் உண்டாக்கலாம்.

ஈற்றைச் சுத்தம் செய்தால் ஈரல் குணமாகிவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. ஈரலுக்கு மருந்து குடியை விடுவதுதான். ஆனால் இரண்டு அடுப்புகளில் ஒன்றை இன்றே அணைக்க முடியும் என்றால், அதை எரியவிட்டுப் பார்த்திருப்பது ஏன்?

உலகம் படித்தது எமது வாயில்

எமது தோழர்கள் பலருக்குத் தெரியாத ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். ஈறு நோய்க்கு வைத்தியமே செய்யாமல் விட்டால் அது எப்படி வளரும் என்பதைப் பல் வைத்திய மாணவர்கள் உலகெங்கும் ஒரு பிரபலமான ஆய்விலிருந்து படிக்கிறார்கள். அந்த ஆய்வு இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் நடந்தது. 1970ஆம் ஆண்டு 14 முதல் 30 வயது வரையான 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களை ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். 1985 வரை மீண்டும் மீண்டும் வந்து பார்த்தார்கள். ஒப்பிடுவதற்கு நோர்வேயில் படித்த, பல் வைத்தியம் ஒழுங்காகப் பெற்ற ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். எம்மவர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவர்களுக்குப் பல் நோய்த் தடுப்போ வைத்தியமோ எட்டியிருக்கவில்லை என்பதுதான்.

அநேகமாக எல்லோருடைய ஈறுகளிலும் அழற்சி இருந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் பல் போகவில்லை. ஏறக்குறைய நூற்றுக்கு 8 பேருக்கு மிக வேகமாக நோய் முற்றியது. 81 பேருக்கு நடுத்தரமாக முற்றியது. 11 பேருக்கு ஈறு வீங்கியிருந்தும் பல்லின் பிடிப்பு குறையவில்லை. அந்த ஆய்வு குடியைப் பற்றியது அல்ல. என்றாலும் அது ஒன்றைக் காட்டுகிறது: வாயில் அழுக்கு இருப்பதோடு, அந்த அழுக்கை உடம்பு எப்படித் தாங்குகிறது என்பதும் பல்லின் விதியைத் தீர்மானிக்கிறது. குடியும் புகையிலையும் சீனி வியாதியும் கெடுப்பது அந்தத் தாங்கும் சக்தியைத்தான்.

40 ஆண்டுகள் கழித்து, 2010இல், முதலில் பார்த்தவர்களில் 75 பேரைத் தேடிப்பிடித்து மறுபடியும் பரிசோதித்தார்கள். காரையை எடுப்பதும், படலத்தைத் துலக்கி நீக்குவதும், ஈற்று அழற்சியை ஆரம்பத்திலேயே அடக்குவதும்தான் பல்லைக் காக்கும் என்பது அதில் கிடைத்த முடிவு. இவற்றில் எதற்கும் பெரிய இயந்திரமோ வெளிநாட்டு மருந்தோ தேவையில்லை. எமது தகப்பன்மாரின் வாயிலிருந்து உலகம் கற்ற பாடம் எமது பிள்ளைகளின் லயத்துக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. எமது மனக்குறை அதுதான்.

"குடிகாரனுக்கு எதுக்கு?"

இதை எழுதப்போகிறோம் என்றதும் எமது கமிட்டியிலேயே ஒரு தோழர் கேட்டார்: "வேலை செஞ்சு காச மிச்சம் பண்ற எத்தனையோ பேருக்கே பல் வைத்தியம் இல்ல. குடிகாரனுக்கு எதுக்கு?" கோபத்தில் கேட்கவில்லை, நியாயமாகத்தான் கேட்டார்.

எமது பதில் இது. குடியை விட முடியாமல் தவிப்பது ஒரு நோய். நோயாளி என்றால் வைத்தியம் அவருடைய உரிமை. அதைவிட முக்கியமாக, குடிக்கும் மனிதர் குடிக்காக ஒருநாளும் வைத்தியரிடம் போவதில்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல" என்பார். பல்வலிக்குப் போவார். அந்த வலி எம் கைக்கு அகப்படும் ஒரு வாசல். பல் வைத்தியரின் கதிரையில் அவர் உட்காரும் அந்த ஐந்து நிமிடத்தில், ஏசாமல், "எவ்வளவு குடிக்கிறீங்க, விட நினைச்சதுண்டா?" என்று ஒருவர் கேட்டால், அவர் வாழ்நாளிலேயே முதன்முதலாக உண்மையைச் சொல்லக்கூடும். மூக்கைப் பொத்தி ஏசி அனுப்பினால் அந்த வாசல் அடைபடும். அடுத்த வலிக்கு அவர் நேராகத் தவறணைக்குத்தான் போவார்.

பல் போனவர் ரொட்டியைக் கடிக்க முடியாமல் விடுகிறார். கறியை விடுகிறார். வெறும் வயிற்றில் குடிக்கிறார். வெறும் வயிற்றுக் குடி ஆளை இன்னும் வேகமாக விழுத்துகிறது. வாயைத் திறக்க வெட்கப்பட்டுக் கூட்டத்துக்கும் கோயிலுக்கும் வராமல் ஒதுங்குகிறார். ஒதுங்கியவருக்குத் துணை போத்தல்தான்.

புற்றுநோயையும் மறக்க முடியாது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் 1988லேயே வகைப்படுத்தியது. புகையிலை சேராத வெறும் பாக்குக்கூடப் புற்றை உண்டாக்கும் என்று 2004இல் வெளிவந்த அதன் அறிக்கை கூறுகிறது. எம்மில் எத்தனை பேர் பகலில் வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்டு, மாலையில் கசிப்போ சாராயமோ குடிக்கிறோம்! இவை சேரும்போது ஆபத்து பல மடங்காகிறது. ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படர்ந்த தழும்பு, வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவற்றை ஆரம்பத்தில் கண்டால் காப்பாற்றலாம். கண்டுபிடிக்க விசேட வைத்தியர்தான் வேண்டும் என்பதில்லை. 1980களின் தொடக்கத்தில் இந்த நாட்டிலேயே அடிப்படைச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 28,000க்கும் மேற்பட்டோரின் வாய்களைப் பார்க்கச் செய்து, அது முடியும் என்று காட்டியிருக்கிறார்கள்.

எமது கோரிக்கைகள்

ஒன்று: வருடத்துக்கு இரண்டு தடவையாவது நடமாடும் பல் வைத்திய சேவை ஒவ்வொரு தோட்டத்துக்கும் வர வேண்டும். பிடுங்குவதோடு நிற்காமல் காரை எடுத்து ஈற்றைச் சுத்தம் செய்யவும் வேண்டும்.

இரண்டு: அன்றைய தினம் பரிசோதனைக்குப் போகிறவருக்கு முழுப் பேர் போட வேண்டும். காலையில் ஐந்து மணிக்கு பஸ் ஏறி, வரிசையில் நின்று, நம்பர் முடிந்துவிட்டது என்று திரும்பி வருபவருக்குப் போவது ஒரு நாள் பேர். பல்லா பேரா என்றால் எந்தத் தொழிலாளியும் பேரைத்தான் எடுப்பார்.

மூன்று: தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கும் குடும்ப நல மாதுகளுக்கும் வாயைப் பார்த்துச் சந்தேகமானவரை அனுப்பிவைக்கும் பயிற்சி வேண்டும். குடியை விடச் சிகிச்சைக்கு வருபவரின் வாயையும், பல்வலியோடு வருபவரின் குடியையும் கேட்டறிவது வழக்கமாக வேண்டும். அதைத் தமிழில் கேட்கக்கூடியவர் அங்கே இருக்க வேண்டும்.

நான்கு: இது எமக்கு நாமே வைக்கும் கோரிக்கை. சங்கத் தேர்தலிலும் திருவிழாவிலும் போத்தல் கொடுத்து ஆள் சேர்க்கும் வழக்கத்தைத் தலைவர்மார் விட வேண்டும். அதை விடாமல் இந்தக் கோரிக்கைகளை மேடையில் பேச எமக்கு முகமில்லை.

குடிக்கும் தோழருக்கு

தோழரே, இதை உங்களை ஏசுவதற்காக எழுதவில்லை. இன்றைக்கே குடியை விட முடியாவிட்டாலும் இன்றிரவு படுக்குமுன் பல் துலக்க முடியும். கரியும் செங்கல் தூளும் வேண்டாம். புளோரைட் உள்ள பற்பசையும் மென்மையான பிரஷும் போதும். வாய் காய்ந்தால் தண்ணீர் குடியுங்கள். பல்வலிக்குச் சாராயத்தை வாயில் அடக்காதீர்கள், அது புண்ணான சதையை மேலும் எரிக்கும். தினம் குடிப்பவர் வலிக்குப் பெனடோலை அட்டை அட்டையாக விழுங்குவது ஈரலுக்கு ஆபத்து. பல் வைத்தியர் கேட்டால் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். சில மருந்துகள் குடியோடு ஒத்துவராது, சிலருக்குப் பல் பிடுங்குமுன் இரத்தம் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. பல வருடங்கள் தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் கை நடுக்கமும் வலிப்பும் வரலாம். விட முடிவு செய்தால் வைத்தியரிடம் சொல்லிவிட்டு விடுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் உங்கள் தோட்டக் கமிட்டியைக் கேளுங்கள். ஒருவர் கூட வருவார்.

அந்தக் கவ்வாத்துத் தோழரோடு நாம் இருவர் போனோம். சீழ் வடித்து மருந்து கொடுத்தார்கள். இந்தத் தடவை யாரும் ஏசவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் கேட்டார்: "அடுத்த கிளினிக்குக்கும் வருவீங்களா?" வருவோம் என்றோம். சங்கம் என்றால் அதுவும்தான்.