கன்னத்தில் கை வைக்காத மாரலின்

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள் நம் ஊரில். பரீட்சையில் ஃபெயிலான பையனுக்கும் சொல்வார்கள், வியாபாரத்தில் நொடித்துப்போன பெரியப்பாவுக்கும் சொல்வார்கள். சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கப்பலைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. ஆனால் நிஜமாகவே நடுக்கடலில் கப்பல் மூழ்கி, நிஜமாகவே கன்னத்தில் கை வைக்காத ஒரு பெண்மணி இருந்தார். பெயர் மாரலின் பெய்லி. (அவருக்கு நீச்சல் தெரியாது!)

இங்கிலாந்தில் டெர்பி என்று ஓர் ஊர். நாட்டின் நடுவில், கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் ஊர். அங்கே மாரிஸ் பெய்லி அச்சகத்தில் வேலை பார்த்தார், மாரலின் வரி அலுவலகத்தில். சொந்த வீடு இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது, குழந்தைகள் இல்லை. 1966இல் ஒருநாள் இந்த வீட்டை விற்றுவிட்டு ஒரு பாய்மரப் படகு வாங்கினால் என்ன என்று கேட்டவர் மாரலின்தான். மாரிஸ் அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை விற்றார்கள். 31 அடி நீளப் படகு ஒன்று வந்தது. மாரிஸ், மாரலின் என்ற இரண்டு பெயர்களையும் ஒட்டி அதற்கு ஆரலின் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் படகிலேயே குடியேறி, காசு சேர்த்து, கடலோட்டம் பழகி, 1972 ஜூனில் சவுத்தாம்ப்டன் பக்கத்திலிருந்து நியூசிலாந்தை நோக்கிக் கிளம்பினார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டி, பனாமா கால்வாயையும் தாண்டி, பசிபிக்கில் கலாபகோஸ் தீவுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, 1973 மார்ச் 4 அதிகாலையில், ஒரு திமிங்கலம் படகின் வயிற்றில் மோதியது. ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஏழு வருடக் கனவு தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. மிஞ்சியது ஓர் உயிர்காப்பு மிதவை, அதோடு கட்டிய ஒரு சின்ன ரப்பர் படகு, கைக்கு அகப்பட்ட கொஞ்சம் சாமான்.

அதற்குப் பிறகு 117 நாள்.

இந்தக் கதையைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கும் வரும் முதல் வார்த்தை, "தேவையா இது?" என்பதுதான். இருந்த வீட்டை விற்றுக் கடலில் போட்டார்களே, நல்ல வேலையை விட்டார்களே என்ற அங்கலாய்ப்பு. இன்னொரு சாரார் இதே கதையைத் தன்னம்பிக்கைக் கதையாக ஆக்கிவிடுவார்கள். பாசிட்டிவ் திங்கிங் இருந்தால் பசிபிக்கையே ஜெயிக்கலாம் என்று பவர்பாயின்ட் போட்டு ஃபார்வர்டு பண்ணுகிற ரகம். இரண்டு பேருமே அந்த மிதவையில் தினமும் என்ன நடந்தது என்று பார்க்க மறுக்கிறார்கள்.

என்ன நடந்தது? கணக்கு நடந்தது. படகு மூழ்கிக்கொண்டிருந்த நேரத்திலேயே மாரலின் எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்த்துப் பார்த்து எடுத்துப் போட்டார். டின்களை எண்ணிப் பார்த்தபோது சுமார் இருபது நாளுக்குத்தான் காணும் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் பங்கு போட்டார். தூண்டில் முள் இல்லை. சேஃப்டி பின்னை வளைத்து முள் ஆக்கினார்கள். ஆமையைப் பிடித்து அறுத்தார்கள், அதன் கழிவை இரையாக வைத்து மீன் பிடித்தார்கள். கடற்பறவை வந்து உட்கார்ந்தால் அதுவும் சாப்பாடு. சின்னச் சுறாக்களை வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். எல்லாமே பச்சையாக. மழை பெய்தால் குடிதண்ணீர், பெய்யாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். மிதவையில் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. பம்ப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நினைத்துப் பாருங்கள், தூங்கப் போனாலும் வீட்டுக்குக் காற்றடித்துவிட்டுத்தான் தூங்க வேண்டும்.

ஆரம்பத்தில் கலாபகோஸ் பக்கம் போய்விடலாம் என்று இராத்திரிகளில் துடுப்புப் போட்டார்கள். நீரோட்டம் வேறு பக்கம் இழுத்தது, விட்டுவிட்டார்கள். ஒரு கட்டத்தில் ஆமைகளைக் கயிற்றில் கட்டி மிதவையை இழுக்க வைக்க முடியுமா என்றுகூடப் பார்த்தார்கள். முதல் ஆமை நன்றாகத்தான் இழுத்தது. இரண்டாவதைக் கட்டியதும் அது எதிர்த்திசையில் கிளம்பிவிட்டது. (மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.)

மாரிஸ் பல நாட்கள் நம்பிக்கை இழந்து கிடந்தார். இனி பிழைக்க மாட்டோம் என்றே நினைத்தார். நடுவில் கடுமையாக நோயிலும் விழுந்தார். அதை அவரே பின்னால் மறைக்கவில்லை. வானத்தைப் பார்த்து இடத்தைக் கணக்கிடும் படிப்பு அவரிடம்தான் இருந்தது. ஆனால் ஒரு மிதவையைத் திருப்பவே முடியாது என்கிறபோது, நாம் இருக்கும் இடம் தெரிந்து என்ன பயன்? அங்கே தேவைப்பட்டது கடல் படிப்பு அல்ல, குடித்தனம் நடத்தும் திறமை. அது மாரலினிடம் இருந்தது. காகிதத்தில் சீட்டுக்கட்டு செய்து விளையாட வைத்தார். டைரி எழுதினார். ஊருக்குப் போனால் சமைக்க வேண்டியவற்றுக்கு மெனு போட்டார். அடுத்த படகுக்குப் படம் வரைந்தார்! பசியில் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது அடுத்த படகின் சமையலறை எங்கே வர வேண்டும் என்று விவாதித்த தம்பதி வேறு யாராவது இருப்பார்களா?

இதை "மனைவி கணவனுக்குத் துணையாக இருந்தாள்" என்று எழுதுவது வழக்கம். அது தப்பு. கப்பலில் முடிவெடுப்பவரைக் கேப்டன் என்கிறோம். படகு இருந்தவரை மாரிஸ் கேப்டன். படகு போன பிறகு மாரலின்தான் கேப்டன். டின்னை எண்ணுவது, பங்கு வைப்பது, நோயாளியைப் பார்ப்பது, நாளைக்கு என்ன என்று யோசிப்பது என்று எந்த வேலையெல்லாம் கரையில் சில்லறை வேலையாகக் கருதப்படுகிறதோ, அந்த வேலைகள்தான் அங்கே இரண்டு உயிரைக் காப்பாற்றின. பாசிட்டிவ் திங்கிங் என்று இதற்குப் பெயர் வைத்தால், வேலை செய்தவரின் வேலை காணாமல் போய்விடுகிறது.

சரி, அப்படியானால் கிளம்பியது சரிதானா? சரிதான். நாலைந்து வருடம் தயாரித்துக்கொண்டு, கடனில்லாமல், தங்கள் சொந்தக் காசில், யார் தலையிலும் பாரம் ஏற்றாமல் கிளம்பியவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. திமிங்கலம் மோதியதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

ஆனால் ஒரு விஷயத்தில் குறை சொல்லியே ஆகவேண்டும். ஆரலினில் செய்தி அனுப்பும் ரேடியோ கிடையாது. வாங்க முடியாமல் அல்ல, வேண்டாம் என்று. வெளியுலகத் தொந்தரவு இல்லாத சுதந்திரம் வேண்டும் என்பது மாரிஸின் கொள்கை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. விளைவு என்ன? அவர்களைக் காணோம் என்று கரையில் யாருக்கும் தெரியவே தெரியாது. தேடுவதற்கு ஆள் இல்லை. ஏழு கப்பல்கள் அவர்கள் கண்ணெதிரே கடந்து போயின. கையிலிருந்த எரிசுடர்கள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. அதன் பிறகு துணியை ஆட்டிக்கொண்டு கத்துவதுதான் வழி. பெரிய கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்ப்பவருக்கு அலைக்கு நடுவில் ஒரு மிதவை என்பது இன்னொரு நுரை, அவ்வளவே. அந்தக் காலத்து ரேடியோக்கள் சின்னப் படகுக்குப் பாரமானவை, மின்சாரம் குடிப்பவை என்பதெல்லாம் உண்மை. இருந்தாலும் படகு மூழ்க எடுத்த அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு குரல் கொடுக்க வழி இருந்திருக்கும்.

பின்னர் காலம் மாறியது. செயற்கைக்கோள் வழியாக அபாயக் குறிப்பைப் பிடிக்கும் காஸ்பாஸ் சார்சாட் அமைப்பு 1982இல் முதல் உயிர்களைக் காப்பாற்றியது. இன்று உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்று, இயக்கியதும் இடத்தைச் சொல்லிவிடும். இன்றைக்கும் "எல்லாத் தொடர்பையும் அறுத்துக்கொண்டு போகிறேன்" என்று கிளம்பும் ஜோடிகள் உண்டு. போகட்டும், போனை அணைத்து வைக்கட்டும். ஆனால் அந்தக் கருவியை வேண்டாம் என்பது சுதந்திரம் அல்ல, வீம்பு. அந்த வீம்புக்குக் கூட வருபவரும் சேர்ந்து விலை கொடுக்க வேண்டியிருக்கும். மாரலின் 117 நாள் கொடுத்தார்.

1973 ஜூன் 30 அன்று வோல்மி 306 என்ற தென்கொரிய மீன்பிடிக் கப்பல் அவர்களைக் கடந்து போய், பிறகு திரும்பி வந்தது. இருவரும் நிற்க முடியாத அளவுக்கு இளைத்திருந்தார்கள், ஆளுக்குப் பதினெட்டு கிலோ அளவுக்கு எடை குறைந்திருந்தது. கொரிய மாலுமிகள் பால் கொடுத்து, மருந்து போட்டு, ஹோனலூலுவில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

ஊர் திரும்பியதும் இருவருமாகச் சேர்ந்து, அத்தியாயங்களை மாற்றி மாற்றி, ஒரு புத்தகம் எழுதினார்கள். மாரலின் 2002இல் இறந்தார். 2024இல் சோஃபி எல்ம்ஹர்ஸ்ட் என்ற பத்திரிகையாளர் இவர்களைப் பற்றி எழுதிய நூல் இங்கிலாந்தில் நீரோ பரிசு வாங்கியது. அதன் தலைப்பிலும் மாரிஸ் பெயர்தான் முதலில் வருகிறது.

மிதவையில் வரைந்தார்களே ஒரு படகு, அது என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கட்டினார்கள். ஆரலின் 2 என்று பெயர் வைத்து, படகோனியா பக்கம் போய் வந்தார்கள்.