பேரிஜம்: கூட்டம் வேண்டாம், இடம் எல்லோருக்கும் வேண்டும்

கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும் வனத்துறைக்கும் திண்டுக்கல் மாவட்ட நிர்வாகத்துக்கும்:

கொடைக்கானலிலிருந்து மோயர் பாயிண்ட் சோதனைச் சாவடியைத் தாண்டி, தொப்பி தூக்கிப் பாறை, மதிகெட்டான் சோலை எனக் காட்டுக்குள்ளேயே போகும் சாலை பேரிஜம் ஏரிக்கரைக்கு வந்து சேர்கிறது. 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கும் ஏரி இது. படகு கிடையாது. வனத்துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது. நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்ற வரம்பும் உண்டு. அந்த வரம்பை எடுக்கச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. இன்னும் இறுக்கினாலும் சம்மதமே. வரம்புக்குள் யாருக்கு இடம் என்பதுதான் எங்கள் கேள்வி.

முதலாவது, வண்டிகளை எண்ணுவதை விட்டுத் தலைகளை எண்ணுங்கள். வரம்பு வண்டிக் கணக்கில் இருக்கும்வரை இடம் கார் வைத்திருப்பவருக்கே போகும். கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களுக்கு 4,000, வார இறுதிக்கு 6,000 வண்டிகள் எனச் சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தபோது, அரசுப் பேருந்துகளை அதற்குள் சேர்க்கவில்லை. அதே நியாயம் பேரிஜத்துக்கும் வரட்டும். ஏரிக்கு இத்தனை பேர் என முடிவுசெய்து, அதில் பாதிக்குக் குறையாத இடத்தை மோயர் பாயிண்டிலிருந்து புறப்படும் சிற்றுந்துகளுக்கு ஒதுக்க வேண்டும். கட்டணம் நகரப் பேருந்தில் வருகிறவர் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இணையத்தில் பதிவுசெய்யத் தெரியாதவருக்கு நேரில் சீட்டு கொடுக்கும் சாளரமும் திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, இது குடிநீர். அடிவாரத்தில் பெரியகுளத்துக் குழாய்களுக்குப் போகும் தண்ணீர் இங்கிருந்தும் வருகிறது. ஏரியில் குளிப்பது, துவைப்பது, கரையில் சமைப்பது எதையும், எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும், அனுமதிக்கக் கூடாது. கரைக்கு மேலே உள்ள சரிவில் என்ன கொட்டினாலும் மழை அதை ஏரிக்கே கொண்டுவரும். ஆகவே கழிப்பறைகளும் குப்பை சேகரிப்பும் நீர்ப்பிடிப்புக்கு வெளியே, சோதனைச் சாவடியிலேயே அமைய வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் பெரியகுளத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த ஏரியைப் பார்த்திருப்பார்கள்? அரசுப் பள்ளிகளுக்கு வாரத்தில் ஒரு நாளைக் கட்டணமில்லாமல் ஒதுக்குங்கள்.

மூன்றாவது கோரிக்கை பளியர்களைப் பற்றியது. எங்களுக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. பழனி மலையில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் காட்டுக்குள் போவதும் நாம் ஞாயிற்றுக்கிழமை ஏரி பார்க்கப் போவதும் ஒன்றல்ல. சிறு வனப்பொருள் சேகரிக்கவும், காட்டைக் காக்கவும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உரிமை தருகிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சுற்றுலாவுக்குத் தரும் அனுமதிச் சீட்டை அவர்களிடமும் கேட்பது முறையல்ல. நிலுவையில் உள்ள தனிநபர், சமூக உரிமை மனுக்களை முதலில் தீர்த்துவையுங்கள். ஏரிப் பகுதியில் எந்தப் புதிய திட்டமும் அவர்களுடைய கிராம சபையின் ஒப்புதலுக்குப் பிறகே தொடங்க வேண்டும். வழிகாட்டி வேலையிலும் நுழைவுக் கட்டண வருமானத்திலும் அவர்களுக்கு முதற்பங்கு வேண்டும். கூலி இடைத்தரகர் கைக்குப் போகாமல் நேரே அவர்கள் கணக்குக்குப் போக வேண்டும்.

நான்காவது, நடப்பவர்களுக்கு வழி. 2018 மார்ச் 11இல் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போன 23 பேரின் உயிரைக் கொண்டுபோனது. அந்தத் துயரத்துக்குப் பதில், நடையையே தடைசெய்வதல்ல. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் யாரும் போகாதிருப்பது, தீக்காலத்தில் பாதைகளை ஒட்டுமொத்தமாக மூடுவது, குழுவின் அளவைச் சிறிதாக வைப்பது, இவைதான் பதில். 2024இல் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் கட்டணம் மாணவர்க்கும் கூலித் தொழிலாளிக்கும் எட்டுவதாகக் குறைய வேண்டும். ஏரிக்கரையில் ஒரு சிறு தூரமாவது சக்கர நாற்காலி போகும்படி, காங்கிரீட் கொட்டாமல், சமன்செய்யப்பட வேண்டும்.

யானை வந்தால் வழியை மூடுங்கள். நாள்கணக்கில் மூடினாலும் முணுமுணுக்க மாட்டோம். அது அவற்றின் இடம். ஆனால் தெரிந்தவுடன் அறிவியுங்கள். முன்பதிவு செய்தவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

பேரிஜம் வழியாக மூணாறுக்குப் போன பழைய சாலையை மீண்டும் திறக்க வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. அதை நாங்கள் முழுமையாக எதிர்க்கிறோம். அது திறந்த மறுநாளே பேரிஜம் ஒரு நெடுஞ்சாலை நிறுத்தம் ஆகிவிடும். ஊர் வியாபாரம் வளர வேண்டும் என்பவர்களின் கவலை எங்களுக்கும் உண்டு. ஆனால் 2024இல் ஒரு திரைப்படம் ஓடியதும் கொடைக்கானலின் குணா குகைக்குத் திரண்ட கூட்டத்தை அவர்களும்தானே பார்த்தார்கள்?

நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு புல்வெளிக்குப் போக வேண்டும். சீகையும் பைனும் தைலமரமும் நட்டு மூடிய இந்தப் புல்வெளிகளும் அவற்றின் மடிப்பில் கிடக்கும் சோலைகளும்தான் ஓடைகளுக்கு நீர் தருகின்றன. அந்நிய மரங்களைக் கட்டம் கட்டமாக அகற்றி, புல் திரும்புகிறதா என ஆண்டுதோறும் கணக்குச் சொல்லுங்கள்.

குறிஞ்சி 2018இல் பூத்தது; அடுத்து 2030. அந்த ஆண்டு மலைக்கு வரப்போகும் கூட்டத்தை இப்போதே கணக்கிட வேண்டும். இந்தக் கோரிக்கைகளுக்கான பதிலையும், பேரிஜத்துக்கான நுழைவுத் திட்ட வரைவையும் தமிழில் அச்சிட்டு, மலைக் கிராம சபைகளிலும் பெரியகுளம் நகராட்சியிலும் வைத்துக் கருத்துக் கேளுங்கள். இறுதித் திட்டம் 2029க்குள் நடைமுறைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
பழனி மலையிலும் அடிவாரத்திலும் வாழ்கிறவர்களும், மலைக்கு வந்துபோகிறவர்களும்