பரணில் இருக்கும் பழைய டிரான்ஸிஸ்டர்

வீட்டில் கிடார் வாசிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், இன்றில்லாவிட்டால் நாளை அது உங்கள் முன் வந்து நிற்கும். "அம்மா, தாத்தாவின் பழைய ரேடியோ பரணில் சும்மாதானே கிடக்கிறது? நான் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்கும். தாத்தாவின் மேல் எவ்வளவு பாசம் என்று நீங்கள் மனம் நெகிழ வேண்டாம். பிள்ளைக்கு வேண்டியது ரேடியோ அல்ல. அதன் வயிற்றுக்குள் இருக்கும் இரண்டு சின்னஞ்சிறு உலோகக் குப்பிகள்!

சரியென்று தலையாட்டுவதற்கு முன்பு விஷயத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ரேடியோவும் போய், கைப்பணமும் போவதற்கு இதில் தாராளமாக வழி இருக்கிறது.

1947-ஆம் வருஷம் டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையில் முதல் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. அது ஜெர்மானியம் என்ற பொருளால் ஆனது. அதற்காக பார்டீன், பிராட்டெய்ன், ஷாக்லி ஆகிய மூவருக்கும் 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பக்கத்து ஊரான பெங்களூரில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை 1962-ல் ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர்களைச் செய்ய ஆரம்பித்தது. பி.இ.எல். முத்திரையிட்ட ஏ.ஸி. 128 என்ற குப்பி அப்படி வந்ததுதான். பின்னால் சிலிக்கான் வந்தது. அது வெயிலைத் தாங்கும், விலையும் மலிவு. ஜெர்மானியத்துக்கு வேலை போய்விட்டது.

போனதைத் திரும்ப அழைத்தவர்கள் கிடார்க்காரர்கள். தந்தியின் மெல்லிய ஒலியை அளவு மீறிப் பெருக்கி, அலையின் தலையைத் தட்டையாக வெட்டிவிட்டால், கரகரப்பான, நீண்டு இழையும் ஒரு நாதம் பிறக்கிறது. இதற்குப் 'ஃபஸ்' என்று பெயர். 1962-ல் அமெரிக்காவில் மேஸ்ட்ரோ என்ற பெயரில் இப்படி ஒரு பெட்டி வந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் ஒரு பாட்டில் அதை ஒலிக்கவிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. மறு வருஷம் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி 'ஃபஸ் ஃபேஸ்' என்ற வட்டப் பெட்டியைக் கொண்டுவந்தது. அதற்குள் இருந்தவை இரண்டே இரண்டு ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர்கள். சிலிக்கானிலும் இந்தப் பெட்டி செய்யலாம். ஆனால் ஜெர்மானியத்தின் கரகரப்பில் ஒரு மென்மை உண்டு என்பது வாசிப்பவர்களின் கட்சி.

இனி வாங்கும் விஷயத்துக்கு வருவோம். மல்கோவா வாங்கப் போனால், கூடையில் எழுதி ஒட்டிய பெயரை நம்பியா வாங்குகிறோம்? ஒவ்வொரு பழமாகக் கையில் எடுத்து, முகர்ந்து பார்த்தல்லவா வாங்குகிறோம்? ஜெர்மானியமும் அப்படித்தான். ஒரே எண் அச்சிட்ட பத்துக் குப்பிகள் பத்து விதமாக இருக்கும். பார்க்க வேண்டியவை இரண்டு: ஒலியை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது ஒன்று, சும்மா இருக்கும்போதே எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்பது மற்றொன்று. பெருக்கம் பால், கசிவு அதில் கலந்த தண்ணீர். கடைக்காரர் சாதாரண மீட்டரில் சொருகி, "130 காட்டுகிறது பாருங்கள்!" என்பார். அந்த 130-ல் தண்ணீரும் சேர்ந்தே அளக்கப்பட்டிருக்கிறது.

பாலைத் தனியாக அளக்க வழி உண்டு. 9 வோல்ட் பாட்டரி, ஒரு மீட்டர், 2.4 கிலோ ஓம் ரெஸிஸ்டர் ஒன்று, 2.2 மெகா ஓம் ரெஸிஸ்டர் ஒன்று இருந்தால் போதும். ஏ.ஸி. 128-ன் எமிட்டரைப் பாட்டரியின் பாஸிட்டிவிலும், கலெக்டரை 2.4 கிலோ ஓம் வழியாக நெகட்டிவிலும் சேர்த்து, அந்த ரெஸிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே வோல்ட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். இது கசிவு. பிறகு பேஸை 2.2 மெகா ஓம் வழியாக நெகட்டிவில் சேர்த்து மறுபடி குறிக்க வேண்டும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து 100-ஆல் பெருக்கினால் உண்மையான பெருக்கம் ஏறக்குறைய வந்துவிடும். முதலில் 0.3, பிறகு 1.3 என்றால், பெருக்கம் 100. முதல் குப்பிக்கு 80, இரண்டாவதற்கு 120 என்ற அளவில் அமைந்தால் நல்ல ஜோடி.

சீமையில் எழுதிய கணக்கு சேலத்துக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் மறக்கக்கூடாது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஜெர்மானியத்தின் கசிவு சுமாராக இரட்டிக்கும். 20 டிகிரிக் குளிரில் 100 மைக்ரோ ஆம்பியர் கசிகிற குப்பி, நம் சித்திரை வெயிலின் 40 டிகிரியில் 400-ஐத் தொடும். மார்கழியில் இனிமையாகப் பாடிய பெட்டி பங்குனியில் தொண்டை கட்டிக்கொள்வது இதனால்தான். விரலால் பிடித்தாலே அளவு ஏறும்; கீழே வைத்துச் சற்றுப் பொறுத்துத்தான் அளக்க வேண்டும். நம் சேலம், நாமக்கல் சீமையில் பெருக்கம் கொஞ்சம் குறைந்தாலும் கசிவு குறைந்ததே உத்தமம்.

போலிகளும் உண்டு. சிலிக்கான் குப்பியில் பழைய எண்ணை அச்சடித்து விற்பார்கள். மீட்டரை டையோடு பார்க்கும் நிலையில் வைத்து, பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே பார்க்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 என்றால் ஜெர்மானியம், 0.6 என்றால் சிலிக்கான். வெளுத்ததெல்லாம் பாலல்ல!

ஆகவே, விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்: கசிவு எவ்வளவு? அதைக் கழித்தபின் பெருக்கம் எவ்வளவு? எத்தனை டிகிரியில் அளந்தீர்கள்? பதில் சொல்பவரிடம் நாலு காசு கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. பதில் சொல்லாதவர் பை நிறையக் கொடுத்தாலும் வேண்டாம். உங்கள் ஊரில் பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் போகட்டும். அவருடைய இழுப்பறையில் கால் வெட்டாத, உபயோகிக்காத குப்பிகள் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

பரணில் இருக்கும் ரேடியோ? அது பெரிய மரப்பெட்டியாக, திருகிய பின் சூடேறிப் பாடுகிற ஜாதியானால், உள்ளே கண்ணாடி வால்வுகள்தான் இருக்கும், பிரித்துப் பயனில்லை. பிற்காலத்து ரேடியோவானால் இருப்பது சிலிக்கான். நடுவில் வந்த சிலவற்றில்தான் ஜெர்மானியம் உண்டு. அப்படிப்பட்டதே ஆனாலும், முதலில் பாட்டரி போட்டுத் திருகிப் பாருங்கள். அறவே ஊமையாகி, மெக்கானிக்கும் கைவிட்டுவிட்டால், பிள்ளையிடம் கொடுங்கள். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போவதைவிட அது நல்ல கதி. ஆனால் ஒரு கரகரப்பாவது வந்தால், தயவுசெய்து திருப்புளியைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். குப்பி கடையில் கிடைக்கும். தாத்தா திருகிய ரேடியோ எந்தக் கடையில் கிடைக்கும்?