உப்பின செங்கல், மிதந்த கப்பல்

காலையில் பேப்பரைப் பிரித்ததும் தங்க விலைக்கு முன்னால் பெரியாறு அணை நீர்மட்டத்தைத் தேடுகிறவர்கள் நாங்கள். கூடலூரிலோ கம்பத்திலோ டீக்கடையில் ஒருவர் "நூத்தி முப்பதைத் தொட்டுருச்சா?" என்றால், எது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. தண்ணீரை மறித்து நிறுத்துகிற காங்கிரீட்டைத்தான் எங்களுக்குத் தெரியும். அதே காங்கிரீட்டில் கப்பல் கட்டிக் கடலில் விட்டார்கள் என்று சொன்னால், "போய்யா, வேலையைப் பாரு" என்பார்கள்.

விட்டார்கள். அதுவும் நிறைய.

கல்யாண வீட்டுப் பித்தளை அண்டாவைக் காலியாகக் கண்மாயில் இறக்கினால் மிதக்கிறதல்லவா, அதே கணக்குதான். சம அளவுத் துண்டுகளாக எடுத்து நிறுத்தால் இரும்பு, காங்கிரீட்டைப்போல மூன்று மடங்குக்கு மேல் கனக்கும். சிக்கல் வேறு இடத்தில். மெல்லிய இரும்புத் தகடு போதுமான இடத்தில் காங்கிரீட் நாலைந்து அங்குலம் வேண்டும். கப்பல் தன் உடம்பைச் சுமப்பதிலேயே களைத்துப்போகிறது, சரக்குக்கு மிச்சம் குறைவு.

பிரான்சில் லாம்போ என்பவர் 1848இலேயே கம்பிவலை கட்டிச் சிமெண்டு பூசி ஒரு சிறு படகு செய்து குளத்தில் விட்டார். அறுபது, எழுபது வருடம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் உலகப்போர் வந்து இரும்புக்கு அலைந்தபோதுதான் ஞாபகம் வந்தது. 1917இல் நார்வேயில் நிக்கோலாய் ஃபூக்னர் எஞ்சின் வைத்த காங்கிரீட் கப்பலைக் கடலுக்கு அனுப்பினார். மறு வருடம் மார்ச்சில் கலிபோர்னியாவில் 'ஃபெய்த்' இறங்கியது. பெயரைப் பாருங்கள், 'நம்பிக்கை'. நம்பாதவர்கள் எத்தனை பேர் கரையில் நின்றிருக்க வேண்டும்! அமெரிக்க ஜனாதிபதி வில்சன் 24 கப்பல்களுக்கு ஒப்புதல் தந்தார். கட்டி முடிந்தவை 12. அதற்குள் போரே முடிந்துவிட்டது.

  

என்னைப் பிடித்து இழுத்தது கனத்தைக் குறைக்க அவர்கள் கண்ட வழி. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஸ்டீபன் ஹெய்டு என்றொரு செங்கல் சூளைக்காரர். சூளையில் சில கற்கள் சூடு கூடிப்போய் உப்பி, உள்ளே ஓட்டை ஓட்டையாக வெளிவரும். தேனிப் பக்கம் சூளை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாததல்ல. கழித்துக் கட்டுகிற அந்தக் கல், லேசாகவும் இருக்கிறது, உறுதியாகவும் இருக்கிறது என்று ஹெய்டு கவனித்தார். களிமண் பாறையை வேண்டுமென்றே அப்படிச் சுட்டு உப்பவைத்து, நொறுக்கி, ஜல்லிக்குப் பதிலாகப் போடும் முறைக்கு 1918இல் காப்புரிமை வாங்கினார். கப்பல் கட்டியவர்கள் தேடிக்கொண்டிருந்ததும் இதைத்தான்.

இந்த இடத்தில்தான் எனக்கு நம் அணை ஞாபகம் வந்தது. பென்னிகுவிக் 1887 தொடங்கி 1895 வரை கட்டிய அணையில், முன்னும் பின்னும் கருங்கல் கட்டு. நடுவயிறு முழுக்கச் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காங்கிரீட். சுண்ணாம்புக்கல் வெட்டியது லோயர்கேம்ப் பக்கம் குருவனூத்தில். சுர்க்கி என்பது சுட்ட மண்ணை இடித்த பொடி. வெறும் சுண்ணாம்பு தண்ணீருக்குள் இறுகாது. சுட்ட மண்பொடி சேர்ந்தால் இறுகும். அங்கே சுட்ட மண் கனத்தைக் குறைத்தது, இங்கே பிடிப்பைக் கொடுத்தது. வேலை வேறு, அடுப்பு ஒன்று. அணையின் வலுவைப் பற்றிய வழக்குக்குள் நான் போகவில்லை. 'சுர்க்கி' என்றதும் ஏதோ பட்டிக்காட்டுக் கைவைத்தியம்போல் உதட்டைப் பிதுக்குகிறவர்களைத்தான் என்னால் சகிக்க முடிவதில்லை.

ஏனென்றால் இரண்டாம் உலகப்போரில் ஃபுளோரிடாவின் தம்பாவில் மறுபடி 24 காங்கிரீட் கப்பல்கள் கட்டியபோது, சுண்ணாம்பையும் சிமெண்டையும் ஆராய்ந்த மேதைகளின் பெயர்களை அவற்றுக்கு வைத்தார்கள். ஒன்றின் பெயர் 'விட்ருவியஸ்'. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய அந்த ரோமானியக் கட்டடக்காரர், ஆற்று மணலில் மூன்றில் ஒரு பங்கு செங்கல் பொடி சேர்த்தால் சாந்து நன்றாகப் பிடிக்கும் என்று எழுதிவைத்தவர். சாட்சாத் சுர்க்கி! 1944இல் நார்மண்டிக் கரையில் படைகள் இறங்க அலையை அடக்க வேண்டியிருந்தது. 'விட்ருவியஸ்' கப்பலை அங்கே வேண்டுமென்றே மூழ்கடித்துச் சுவராக்கினார்கள்.

காங்கிரீட் கப்பல்கள் பலவற்றின் முடிவு இப்படித்தான், அலைதடுப்புச் சுவராக. தோற்றுப்போன யோசனை என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். உப்பின கல் போட்டுக் கட்டிய 'செல்மா' எண்ணெய்க் கப்பல், வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தான அதே 1919 ஜூன் 28இல் தண்ணீரில் இறங்கியது. அடியில் ஐந்து அங்குலம், பக்கவாட்டில் நாலு அங்குலம். மறு வருடமே மெக்சிகோவின் தம்பிகோ துறைமுகத்தில் தடுப்புச் சுவரில் மோதிக் கிழிந்தது. இரும்புத் தகட்டை வெட்டி ஒட்டுப்போடலாம், இதை எப்படி ஒட்டுவது என்று யாருக்கும் பிடிபடவில்லை. 1922இல் டெக்சாஸின் கால்வெஸ்டன் அருகே கொண்டுபோய் ஆழமில்லாத இடத்தில் மூழ்கடித்தார்கள். 1953இல் அதன் உடம்பிலிருந்து துண்டு வெட்டிச் சோதித்தபோது உப்புத்தண்ணீரில் முப்பது வருடம் ஊறிய காங்கிரீட், கட்டிய நாளைவிட வலுக் கூடியிருந்தது. கப்பல் தோற்றது, கல் தோற்கவில்லை.

ஹெய்டின் ஊர்க்காரர்கள் அதை விடவுமில்லை. 1920களின் கடைசியில் கன்சாஸ் சிட்டியில் 14 மாடித் தொலைபேசிக் கட்டடம் ஒன்றை உயர்த்த நினைத்தார்கள். அஸ்திவாரம் வழக்கமான காங்கிரீட் என்றால் இன்னும் எட்டு மாடிதான் தாங்கும். உப்பின கல்லைப் போட்டார்கள், மேலே இன்னும் 14 மாடி ஏறியது. நம் பக்கத்துச் சூளைகளில் உப்பின கல்லை இன்னும் வண்டிப் பாதைப் பள்ளத்தில்தான் கொட்டுகிறோம்.