சறுக்குவண்டி யாருடையது?

பனியே விழாத நாட்டுக்குப் பனிப் பந்தயம் எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1988-இல் கனடாவின் கல்கரி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஜமைக்கா நாட்டு இளைஞர் நால்வர் சறுக்குவண்டியோடு இறங்கியபோதும் இதையே கேட்டார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பாயும் அந்த வண்டி மூன்றாம் ஓட்டத்தில் கவிழ்ந்தது. நால்வரும் எழுந்து எல்லைக்கோடு வரை நடந்தே சென்றார்கள். பின்னர் அந்தக் கதையை வைத்துச் சிரிப்புப் படமும் எடுத்தார்கள். ஆனால், 1994-இல் நார்வேயின் லில்லஹாமரில் ஜமைக்காவின் நால்வர் வண்டி 14-ஆம் இடம் பெற்று, அமெரிக்க வண்டியையே முந்தியது. இதைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை!

கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் நிறைந்த நாடு ஜமைக்கா. அம்மக்களுக்குத் துணிவு உண்டா என்பது இனிக் கேள்வியன்று. நாம் கேட்பது வேறு. உயிரைப் பணயம் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு அந்த வண்டி சொந்தமா?

2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்குக்கு ஜமைக்கா முதன்முறையாகப் பெண்கள் அணியை அனுப்பியது. போட்டிக்குச் சில நாட்களே இருந்தபோது பயிற்சியாளருக்கும் சங்கத்துக்கும் தகராறு மூண்டது. ஜெர்மானியரான பயிற்சியாளர் விலகினார். வண்டிக்குப் பொறுப்பு தாமே என்றும் கூறினார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் பல்லாண்டு உழைத்துத் தகுதி பெற்ற அப்பெண்கள், வண்டி உண்டா இல்லையா என்று தவிக்க நேர்ந்ததே, அது நம் நெஞ்சை உறுத்துகிறது. முடிவில் ஒரு பீர்க் கம்பெனி வண்டிக்குப் பணம் தர முன்வந்தது. அவர்கள் ஓடிப் போட்டியை முடித்தார்கள்.

கம்பெனி செய்தது நல்ல காரியமே, மறுக்கவில்லை. என்றாலும் தயவால் கிடைப்பது தயவு உள்ளவரைதான் நிற்கும். உரிமையாக இருப்பதே அடுத்த நாளும் கையில் இருக்கும்.

அதே போட்டியில் நைஜீரியப் பெண்களும் ஓடினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தப் பந்தயத்துக்கு வந்த முதல் அணி அது. தொடக்கத்தில் அவர்களிடம் வண்டியே இல்லை. அணித் தலைவி செயுன் அடிகுன் பழகுவதற்காக மரப்பலகையில் தாமே ஒரு வண்டி செய்தார். பிறகு 75,000 டாலர் வேண்டுமென்று பொதுமக்களிடம் கேட்டார்கள். பலர் கொடுத்த பணத்தால் அந்தத் தொகை சேர்ந்தது. அவர்கள் பெற்றது கடைசி இடம். இதைத் தோல்வி என்று நாம் எழுத மாட்டோம்.

தொழிலாளத் தோழர்களே! மாதச் சந்தா கொடுக்கும்போது "இந்தச் சில வெள்ளியால் என்ன ஆகிவிடும்?" என்று முணுமுணுப்போர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இந்த இரண்டு அணிகளின் கதையையும் சொல்லுங்கள். திறமை இரு அணிகளிடமும் இருந்தது. பலர் சேர்ந்து கொடுத்த பணமோ, எந்த ஒருவருடைய கோபத்துக்கும் தயவுக்கும் காத்திராமல் வேலை செய்தது. சிறிய நாடானாலும் சிறிய தோட்டமானாலும் பாடம் ஒன்றே. உழைப்பவர்கள் தங்களுக்கு வேண்டிய கருவியைத் தாங்களே கூடிச் சேர்க்க வேண்டும். அதன் பிறகு எந்த இடம் கிடைத்தாலும் அது நமது இடம்.